ஏர் மாட்டை வாசலில் மாட்டிய ஓவியர்

லயத்து வீடுகளில் நாம் என்னென்ன படம் மாட்டியிருந்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தோழர்களே. முருகன் படம், லட்சுமி படம், சரஸ்வதி படம். மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த காலண்டர். காந்தி, நேரு, நேதாஜி. அப்புறம் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். வீட்டுப் பெரியவங்க காலமாகிப் போனால், அடையாளக் கார்டுக்கு எடுத்த படத்தைப் பட்டணத்துப் போட்டோக் கடையிலே கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து மாட்டுவோம். அந்தப் படத்திலே அவர் கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு, யாரோ அதட்டின மாதிரி நேரே பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் உளி பிடித்து மரம் சீவின படம் இருக்காது. காண்டாக் கம்பில் வாளி தூக்கின படம் இருக்காது. முப்பது வருசம், நாற்பது வருசம் செய்த வேலைக்கு ஒரு படம் கிடையாது.

நான் பிறந்து வளர்ந்தது ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். எங்கள் அடுத்த லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். தோட்டத்துக்கு லாரி வராத காலத்திலே ஜோடி மாட்டு வண்டியில் பால் ஏற்றினவர். மாட்டுக்கொட்டகை அவர் பொறுப்பு. விடிகாலை பிரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னாலேயே அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டியிருப்பார். வேலை ஓய்ந்த பிறகும் திண்ணையில் உட்கார்ந்தால் மாட்டுக் கதைதான். எந்த மாடு எந்த மேட்டில் முரண்டு பிடித்தது, எந்த மாட்டுக்கு எந்தப் பக்கத்துத் தோள் தேய்ந்தது என்று விரல் விட்டுச் சொல்லுவார். தாத்தா போய்விட்டார். மாடும் போய்விட்டது, வண்டியும் போய்விட்டது. ஒரு படம் கூட இல்லை. அவர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

இந்த யோசனையிலே இருக்கும்போதுதான் ஓவியர் நந்தலால் போஸின் வாழ்க்கையைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. ஏர் ஓட்டுகிறவன், மாடு அடக்குகிறவன், கொல்லன், தச்சன், செருப்புத் தைக்கிறவன், பஞ்சு அடிக்கிறவன், உரலில் குத்துகிற பெண் என்று உழைக்கிற ஜனங்களை வரிசையாக எழுதி, அதையும் ராஜா வீட்டுக் கூடத்தில் மாட்டாமல், லட்சம் ஜனங்கள் நடந்து போகிற வாசலிலே மாட்டின மனுஷன் அவர்.

நந்தலால் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, பீகாரில் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். குடும்பம் வங்காளிக் குடும்பம். தகப்பனார் பூர்ண சந்திர போஸ், தர்பங்கா ஜமீனில் உத்தியோகம் பார்த்தார். தாயார் க்ஷேத்ரமணி தேவி பொம்மை செய்வதில் கைதேர்ந்தவர். அந்தத் தாயைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டார் பையன். பள்ளிக்கூடம் விட்டால் அவன் போய் நிற்கிற இடம் குயவர் வீட்டு வாசல். சக்கரத்தில் மண் எழும்புவதையும், பூசைக்குச் சாமி பிடிப்பதையும் பார்த்துக்கொண்டே நிற்பான். பிறகு தானும் மண்ணைக் குழைத்து உருட்டுவான். ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே மண்ணுக்கும் சூளைக்கும் பேர் போன ஊர் நம்மது. ரோட்டோரக் கடைகளில் ஜாடியும் பூந்தொட்டியும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து நின்ற பிள்ளைகள் நம்மிலும் உண்டு.

பதினைந்து பதினாறு வயதில் கல்கத்தாவுக்குப் படிக்கப் போனார். படிப்பு ஏறவில்லை. நுழைவுப் பரீட்சை எப்படியோ பாசாகி, கல்லூரியில் சேர்ந்து, அங்கே பெயிலாகி, வேறு கல்லூரியில் சேர்ந்து, வர்த்தகப் படிப்பு எடுத்து, அங்கேயும் உதவாமல் போயிற்று. இதற்கிடையில் 1903-இல் கலியாணமும் ஆகிவிட்டது, சுதீரா தேவியோடு. கலியாணம் ஆன பிள்ளை, பரீட்சையில் தேறாத பிள்ளை, படம் வரையப் போகிறேன் என்றால் எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? நம்ம வீட்டிலே சொல்லியிருந்தால் விளக்குமாறு வந்திருக்கும். அங்கேயும் மனத்தாங்கல் இருந்தது. ஆனாலும் 1905 வாக்கில் கல்கத்தா அரசாங்க ஓவியப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பள்ளிக்குத் தலைவர் ஹேவல் என்ற வெள்ளைக்காரர். அதற்கு முன்னால் சென்னை ஓவியப் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர். இந்தியப் பிள்ளைகள் இந்தியச் சிற்பத்தையும் ஓவியத்தையும் பார்த்துக் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அவருக்குத் துணையாக இருந்தவர் அவனீந்திரநாத் தாகூர், மகாகவி ரவீந்திரநாதரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். நந்தலாலுக்குக் குரு அவனீந்திரநாதர்தான். இதிலே ஒரு வேடிக்கை. அவனீந்திரநாதருக்கு ஆரம்பத்தில் படம் சொல்லிக்கொடுத்தவர் கிலார்டி என்ற இத்தாலிக்காரர். அந்த மேனாட்டு முறையைக் கற்று, பிறகு அதை ஒதுக்கிவைத்து, மொகலாயச் சித்திரம், ராஜபுத்திரச் சித்திரம் என்று தேடிப் போனார் குரு. சீடனோ இன்னும் தூரம் போய், கடைசியில் கிராமத்துப் படக்காரர்களின் வாசலில் வந்து நின்றார்.

ஆரம்ப காலத்தில் நந்தலால் எழுதினது எல்லாம் புராணம்தான். சதி என்ற படத்துக்கு 1908-இல் கல்கத்தாக் கண்காட்சியில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காசு! பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் பார்க்கப் போனார். 1909 கடைசியில் லேடி ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய அம்மையார் அஜந்தா குகைச் சித்திரங்களைப் பிரதி எடுக்க வந்தபோது, கூட வேலை செய்யப் போன இளைஞர்களில் நந்தலாலும் ஒருவர். மைசூர்க்காரர் வெங்கடப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். குகைக்குள் இருட்டில் உட்கார்ந்து, ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தின கைகள் இழுத்த கோட்டை, அங்குலம் அங்குலமாகக் காகிதத்தில் இறக்கினார்கள். அஜந்தாவில் புத்தர் மட்டுமா இருக்கிறார்? யானை இருக்கிறது, முட்டிக்கொள்ளும் காளை இருக்கிறது, வேலைக்காரி இருக்கிறாள். சுவர் நிறைய ஜனங்கள். ஒரு சுவர் நிறைய ஜனங்களை நிறுத்துவது எப்படி என்று நந்தலால் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுதான்.

அவர் வாழ்க்கையைத் திருப்பினது சாந்திநிகேதன். வீர்பூம் மாவட்டத்தில், செம்மண் பூமியில், ரவீந்திரநாத் தாகூர் நடத்தின கல்விச்சாலை. அங்கே 1919-இல் கலாபவனம் என்று ஓவியத்துக்குத் தனிப்பகுதி ஆரம்பித்தார்கள். நந்தலால் அங்கே போய், கொஞ்ச காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1951 வரைக்கும் இருந்தார். முப்பது வருசம்! கல்கத்தாவில் பெரிய மனுஷர்கள் மெச்சுகிற ஓவியராக வாழ்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பொட்டல் காட்டுக்குப் போனார்.

அந்தப் பொட்டலைச் சுற்றிலும் சந்தால் ஜனங்களின் குடிசைகள். சந்தால்கள் பழங்குடி மக்கள். வயலில் கூலி வேலை, மண் சுமக்கிற வேலை, ஆலை வேலை என்று எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தோடு நடந்து போகிறவர்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக்கொண்டு போன கூட்டத்திலும் அவர்கள் உண்டு. நம்ம பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினது போலத்தான் அதுவும். அவர்கள் சாயங்காலம் வேலை விட்டு வரிசையாகத் திரும்பி வருவதை நந்தலால் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்று நடுகிற பெண்கள், எருமை மேல் படுத்திருக்கிற பையன், ஆற்று மணலில் அச்சாணி வரை புதைந்த வண்டி. தோள்பையில் எப்போதும் சின்னச் சின்ன அட்டையும் தூரிகையும் இருக்கும். தபால் கார்டு அளவு அட்டை. போகிற வழியில் கண்ட மாட்டையும் ஆட்டையும் மனுஷனையும் நாலே கோட்டில் எழுதி, அதையே மாணவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கடிதமாக அனுப்பிவிடுவார். அப்படி அவர் எழுதித் தள்ளினது ஆயிரக்கணக்கில்.

சாந்திநிகேதனுக்கு அடுத்தாற்போல் ஸ்ரீநிகேதன் என்று ஒரு இடம். கிராமத்து விவசாயத்தையும் கைத்தொழிலையும் நிமிர்த்த வேண்டும் என்று 1922-இல் தாகூர் ஆரம்பித்தது. அங்கே 1928-இல் ஒரு விழா எடுத்தார்கள். ஹலகர்ஷணம், அதாவது ஏர் பூட்டுகிற திருவிழா. மாட்டுக்கு அலங்காரம் பண்ணி நுகத்தில் பூட்டி, நோபல் பரிசு வாங்கின கவிஞர், அறுபத்தேழு வயது, தானே மேழியைப் பிடித்தார். நமக்குப் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் தெரியும். படித்த கூட்டம் மாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்பதற்காக அங்கே அப்படி ஒரு விழாவை உண்டாக்க வேண்டியிருந்தது. இந்தக் காட்சியை நந்தலால் ஸ்ரீநிகேதன் சுவரிலேயே பெரிய சித்திரமாக எழுதிவைத்தார். கண்காட்சிக்குச் சீட்டு வாங்கிப் பார்க்கிற படம் இல்லை அது. வயல்காட்டிலிருந்து வருகிறவன் அப்படியே நின்று பார்க்கிற மாதிரி எழுதினது. 1930-இல் தாகூர் எழுதின குழந்தைகள் அரிச்சுவடிக்கும் இவர்தான் படம் போட்டார். வங்காளத்துக் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததே நந்தலாலின் கறுப்பு வெள்ளைக் கிராமத்தைப் பார்த்துக்கொண்டுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். உழைக்கிறவனையும் உழவு மாட்டையும் பெரிய படமாக எழுதலாம் என்று மேனாட்டில் துணிந்தவர்கள் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில்தான் வந்தார்கள். இத்தாலியில் லிவோர்னோ நகரத்து ஜியோவானி ஃபத்தோரி (1825–1908) முதலில் பட்டாளக்காரர்களை எழுதினார். பிறகு மாரெம்மா என்கிற சதுப்பு நிலத்துக்குப் போய், நீளக் கொம்பு வைத்த சாம்பல் நிற மாடுகளையும், வெயிலில் நிற்கிற வண்டிகளையும், விறகு பொறுக்குகிற கிழவிகளையும் எழுதினார். அவருக்குப் பிறகு வந்தவர் ஜியோவானி செகந்தினி (1858–1899). இவர் கதை நம்மவர்களுக்கு ரொம்பப் புரியும். ஆஸ்திரியா ஆட்சியில் இருந்த ஆர்க்கோ என்ற ஊரில் பிறந்து, ஏழு வயதில் தாயை இழந்து, மிலான் நகரத்துக்கு அனுப்பப்பட்டு, தெருவில் திரிந்து, சீர்திருத்தப் பள்ளியில் செருப்புத் தைக்கக் கற்றவர். பிறந்த நாட்டுப் பிரஜா உரிமை போயிற்று, இன்னொரு நாட்டுப் பிரஜா உரிமை சாகிற வரைக்கும் கிடைக்கவில்லை. காகிதம் இல்லாததால் நாலு பிள்ளை பெற்ற மனைவியைச் சட்டப்படி கலியாணம் பண்ணிக்கொள்ளக்கூட முடியவில்லை. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது என்ன வேதனை என்று தெரியும். அந்த மனுஷன்தான் அந்திப் பொழுதில் கட்டுத்தறியில் நிற்கிற பசுக்களையும், கொட்டகை விளக்கொளியில் பசுவும் கன்றும் தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உறங்குவதையும், பனிமலைக்குக் கீழே ஏர் இழுக்கிற குதிரைகளையும் எழுதினார். சுவிட்சர்லாந்து மலை உச்சியில் படம் எழுதிக்கொண்டிருந்தபோதே வயிற்று நோவு கண்டு, 41 வயதில் இறந்து போனார்.

ஆனால் ஒன்று. ஃபத்தோரி மாடும் செகந்தினி மாடும் கடைசியில் போய்ச் சேர்ந்தது மண்டபங்களுக்கு. படத்தில் இருக்கிற உழவன் அந்தப் படத்தைப் பார்த்தானோ என்னவோ. நந்தலால் காரியம் அங்கேதான் வேறு மாதிரி.

1930-இல் காந்தி உப்புக்கு நடந்தபோது, கோலூன்றி நடக்கிற காந்தியைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டில் செதுக்கி அச்சடித்தார் நந்தலால். இன்றைக்கும் காந்தி நடை என்றால் எல்லாருக்கும் கண்ணில் வருவது அந்தப் படம்தான். காந்திக்கு இவர் கை பிடித்துப் போயிற்று. காங்கிரஸ் மாநாட்டை இனிமேல் பட்டணத்தில் நடத்தக்கூடாது, கிராமத்தில்தான் நடத்தவேண்டும் என்று முடிவு பண்ணி, 1936 டிசம்பரில் மகாராஷ்டிரத்து ஃபைஸ்பூர் கிராமத்தில் நடத்தினார்கள். பந்தல், வாசல், தங்குமிடம் எல்லாம் அமைக்க நந்தலாலைக் கூப்பிட்டார் காந்தி. நான் படம் எழுதுகிறவன், கொட்டகை கட்டுகிறவன் இல்லையே என்று இவர் தயங்கினார். காந்தி விடவில்லை. மூங்கில், கீற்று, வைக்கோல், கிராமத்து ஆசாரிமார் கை. வேறு எதுவும் வெளியிலிருந்து வரக்கூடாது, செலவு ஏறக்கூடாது. அப்படியே கட்டிக் கொடுத்தார். வந்தவர்கள் அசந்து போனார்கள்.

அதற்கு அடுத்த மாநாடு 1938 பிப்ரவரியில், குஜராத்தில் தாபி நதிக்கரை ஹரிபுரா கிராமம். தலைவர் யார் தெரியுமா? சுபாஷ் சந்திர போஸ்! 51-ஆவது மாநாடு என்பதால் 51 மாடு பூட்டின ரதத்தில் அவரை ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். அந்த மாநாட்டு நகருக்கு விட்டல் நகர் என்று பெயர். அதன் வாசல்களுக்கும் பந்தல்களுக்கும் நந்தலால் படம் எழுதிக் கொடுத்தார்.

எப்படி எழுதினார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய இரண்டடிச் சதுரம். கையால் செய்த காகிதம். சாயம் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தது. காவி, மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை, கரி. கோயில் மாடம் மாதிரி ஒரு வளைவு போட்டு, அதற்குள் ஒரே ஒரு ஆள், அல்லது ஒரு ஆளும் ஒரு மாடும். தடித்த தூரிகையால் ஒரே இழுப்பில் கறுப்புக்கோடு. கிராமத்துப் படக்காரன் சந்தையில் விற்பதற்கு விறுவிறுவென்று எழுதுவானே, அந்தக் கை. நந்தலால் தானே எழுதினது ஏறக்குறைய 80 படம். மாணவர்கள் அதைப் பார்த்து மறுபடி எழுத, மொத்தம் சுமார் 400 படம் வாசல்களில் ஏறியது.

யாருக்கு மாடம் கட்டினார் என்று பாருங்கள். மாடத்துக்குள்ளே நாம் பார்த்துப் பழகினது சாமியை. இவர் அங்கே ஏர்க்காரனை நிறுத்தினார். திமிறுகிற காளையை இழுத்துப் பிடிக்கிற ஆளை நிறுத்தினார். செருப்புத் தைக்கிறவனை, தையல்காரனை, மேளம் அடிக்கிறவனை, பஞ்சு கொட்டுகிறவனை, மல்யுத்தக்காரனை, சமைக்கிறவளை, பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற தாயை. மாநாட்டுக்கு வந்த குஜராத்துக் குடியானவர்கள் மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு வாசலைத் தாண்டும்போது, தலைக்கு மேலே தங்கள் மாடே நிற்கிறது. படத்துக்கு அடியில் பெயர் எழுதி விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் தாத்தாவின் மாடு ஞாபகம் எனக்கு வருவது இங்கேதான். மேட்டில் பாரம் இழுக்கும் மாட்டுக்கு முதலில் கழுத்து தாழும், அப்புறம் பின்னங்கால் மடங்கும், அப்புறம்தான் வண்டி நகரும் என்று அவர் சொல்லுவார். நந்தலால் எழுதின காளைகளில் அந்தக் கழுத்து தெரிகிறது. மாட்டைத் தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு அந்தக் கோடு வராது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஹரிபுராப் படங்களில் எல்லாரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். தோள் புடைத்திருக்கிறது, மாடு கொழுத்திருக்கிறது. அந்த உழவனுக்கு லேவாதேவிக்காரன் கடன் இருந்திருக்கும், ஜமீன் வரி இருந்திருக்கும். அது படத்தில் இல்லை. தேசத்துக்குத் தைரியம் சொல்லவேண்டிய நேரம், அதனால் அப்படி எழுதினார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் பாதிதான் ஏறுகிறது. உழைப்பை அழகாக எழுதுகிறபோது கூலியை மறந்துபோகிற ஆபத்து உண்டு. கங்காணி கூடத்தான் நம்ம ஆளைப் பார்த்து நல்ல உடம்புக்காரன் என்று மெச்சுவான். பேரேட்டில் அரை நாள் குறைப்பதும் அவனேதான்.

நந்தலாலுக்கே இது தெரியாமல் இல்லை. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். அந்த வருசம் அவர் எழுதினது அன்னபூரணி. தேவி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே எலும்புக்கூடாகிப் போன சிவன். சாமியையே பட்டினி போட்டுக் காட்டினார். அதே பஞ்சத்தைச் சைனுல் ஆபிதீன் என்ற இளைஞர் இன்னும் நேராக எழுதினார். தெருவில் கிடக்கிற உடம்பு, பக்கத்திலே காக்கை. எனக்கு அந்தப் படங்கள்தான் அதிகம் வலித்தன.

குருவாக நந்தலால் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. பாங்குராவிலிருந்து 1925-இல் ஒரு ஏழைப் பையன் வந்து சேர்ந்தான். நாவிதர் குடும்பம். பெயர் ராம்கிங்கர் பைஜ். குருவுக்கு எண்ணெய்ச் சாயம் பிடிக்காது, பையனுக்கு அதுதான் பிடிக்கும். குரு சாந்தம், சீடன் முரடு. ஆனாலும் அவனை வெளியே தள்ளவில்லை. அந்த ராம்கிங்கர்தான் 1938-இல், ஹரிபுரா மாநாடு நடந்த அதே வருசம், கலாபவனத்துத் திறந்தவெளியில் சந்தால் குடும்பம் என்ற சிலையை எழுப்பினார். வெண்கலம் இல்லை, சலவைக்கல் இல்லை. சிமெண்டும் செம்மண் சரளையும். வேலை தேடி ஊர் மாறிப் போகிற குடும்பம் அது. புருஷன் தோளில் காவடிக்கம்பு, ஒரு பக்கத்துக் கூடையில் குழந்தை. பெண்சாதி தலையில் சுமை, இடுப்பில் பிள்ளை. கூடவே நாய். தோட்டம் துண்டாடப்பட்டபோது பாயையும் சட்டியையும் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போன காட்சி நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது! நம்ம வீட்டு நாயும் அப்படித்தான் லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. சென்னைக்குப் போனவர்கள் மெரீனா கடற்கரையில் பாறையை நெம்புகிற நாலு பேர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவனீந்திரநாதர் மாணவர்தான்.

சுபாஷ் போஸுக்கு வருவோம். ஹரிபுராவில் மாட்டு ரதத்தில் வந்தவர், ஐந்து வருசம் கழித்து, 1943 ஜூலையில் சிங்கப்பூரில் வந்து நின்றார். அதற்குப் பிறகு நடந்தது நம்ம வீட்டுக் கதை. தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. பர்மாவுக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் அதிகம். ஜொகூர்த் தோட்டங்களிலும் அப்படிப் பிள்ளையைக் கொடுத்த குடும்பங்கள் இருந்தன.

இந்தியா சுதந்திரம் அடைந்து அரசியல் சாசனம் எழுதினபோது, அதை அச்சில் போடாமல் முதலில் கையாலேயே எழுதினார்கள். எழுத்து பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. ஓரங்களிலும் பகுதிகளின் தலைப்பிலும் படம் எழுதினது நந்தலாலும் அவர் மாணவர்களும். 22 பகுதிக்கு 22 படம். 1950 ஜனவரி 24-இல் அதில் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பகுதிக்கு என்ன படம் தெரியுமா? மாடு! மொகஞ்சதாரோவில் மண்ணைத் தோண்டி எடுத்த முத்திரைக் காளை. தேசத்தின் சட்டப் புத்தகம் காளையோடு ஆரம்பமாகிறது. அதே புத்தகத்தில் பின்னால் இன்னொரு பக்கம் இருக்கிறது. இராணுவ உடுப்பில் நேதாஜி சல்யூட் அடிக்கிறார், பின்னால் மலைகள், படை நடக்கிறது. இந்தியாவுக்கு வெளியே இருந்து விடுதலைக்குப் போராடினவர்கள் என்று அந்தப் படத்துக்குக் கருத்து. முகம் தெரியாத அந்தப் படைவீரர்களில் நம்ம தோட்டத்து ஆளும் நடக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஓவியத்தில் நம்மவர்க்குக் கிடைத்த இடம் அவ்வளவு சின்னது, ஆனாலும் அது இருக்கிறது.

1951-இல் நந்தலால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1954-இல் இந்திய அரசாங்கம் பத்ம விபூஷண் பட்டம் கொடுத்தது. கடைசிக் காலத்திலும் கார்டில் படம் எழுதுவதை விடவில்லை. 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி காலமானார். வயது 83.

பத்து வருசம் கழித்து அவர் படங்களைத் தேசத்தின் கலைச் செல்வம் என்று அறிவித்து, வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வாசலில் வெயிலிலும் தூசியிலும் தொங்கின ஹரிபுராப் படங்களில் தப்பிப் பிழைத்தவற்றில் பெரும்பங்கு இப்போது டில்லியில் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2019-இல் அவற்றில் சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோய், வெனிஸ் நகரத்து உலகக் கண்காட்சியில் இந்திய மண்டபத்தில் மாட்டினார்கள். ஃபத்தோரியும் செகந்தினியும் பிறந்த பக்கத்துக்கே, ஒரு நூற்றாண்டு கழித்து, குஜராத்துக் குடியானவனுக்காக எழுதின ஏர்மாடு போய் நின்றது.

ஆயர் ஈத்தாம் பக்கம் இப்போது மாட்டு வண்டி கிடையாது. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றில் குலை ஏற்றுவதற்கு எருமையைப் பூட்டினார்கள், அந்தக் காலத்தையும் சிலர் பார்த்திருப்பீர்கள். பிறகு அதற்கும் இயந்திரம் வந்தது. எங்கள் லயம் இருந்த இடமே தெரியவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, மாட்டுக்கொட்டகை இருந்த இடம் என்று நான் நினைக்கிற மேட்டில் நின்று பார்த்தேன். பக்கத்தில் மண் வெட்டியிருந்தார்கள். மேலே காவி, கீழே வெளுப்பு. நந்தலால் பார்த்திருந்தால் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்திருப்பார்.

தோழர்களே, தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய போட்டோக்கள் இருந்தால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கலியாணப் படம், காது குத்துப் படம் வேண்டாம். உளியோடு, வாளியோடு, மாட்டோடு, வண்டியோடு நிற்கிற படம் ஏதாவது அகப்பட்டால் இந்தப் பகுதிக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருசம் என்று பின்னால் எழுத மறக்காதீர்கள். மாட்டுக்குப் பெயர் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.